கிராவல் பைக்கும் என் முதுகும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என்மேல் ஒரு தப்பும் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் யூஜின்..." என்று யாராவது இழுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்படி இழுத்த இரண்டு பேருடன் நான் பேச்சையே நிறுத்திவிட்டேன்.

யூஜின் நான்தான். புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்குக் கீழே எட்டுப் பேர். நான் சொல்வதை எட்டுப் பேரும் எழுந்து நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவரவர் இஷ்டப்படி செய்வார்கள். வீட்டில் எழுந்து நிற்கிற அந்த மரியாதைகூடக் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் விஜயராகவன். பக்கத்து செக்‌ஷன் கண்காணிப்பாளர். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்கு சைக்கிளில் வந்து இறங்கினான். ஹாண்டில்பார் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது.

"ரேஸ் சைக்கிளா?" என்றேன்.

என் அறியாமைக்காக ஒரு நிமிஷம் மௌனம் காத்தான். "கிராவல் பைக். தார் ரோட்டுலயும் போவும், மண் ரோட்டுலயும் போவும்."

"எல்லா சைக்கிளும் ரெண்டுலயும்தானே போவுது?"

"அது போவறது. இது ரைடு."

ஜூலை கடைசி ஞாயிறு ஊசுட்டேரியைச் சுற்றிச் செம்மண் பாதையில் ஒரு ரைடு இருக்கிறதாம். மேனகா என்கிற அம்மாள் நடத்துகிறாராம். நாற்பது பேர் போகிறார்களாம்.

"நானும் வர்றேன்" என்றேன்.

விஜயராகவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நடுவில் வயிற்றிடம் வந்ததும் பார்வை கொஞ்சநேரம் தங்கிவிட்டுப் போனது.

"உங்களுக்கு வேணாம் யூஜின். நம்ம வயசுக்கு வாக்கிங் போதும்."

நம்ம வயசுக்காம்! அவன் வயசுக்கு ரைடு. நம்ம வயசுக்கு வாக்கிங். இது எந்த ஊர் கணக்கு?

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது நான் சாதாரண யூஜின் இல்லை. முடிவெடுத்த யூஜின். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு சமையலறையில் லினெட் சங்கரா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். லினெட் என் மனைவி. கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஊசி போடும்போது வலிக்காது என்பார்கள் அவளிடம் போட்டுக்கொண்டவர்கள். பேச்சில் போடும் ஊசியைப் பற்றி என்னைக் கேட்க வேண்டும்.

"லினெட், நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"அந்த மஞ்சத்தூள் டப்பாவ எடுங்க மொதல்ல."

எடுத்துக் கொடுத்தேன்.

"நான் கிராவல் பைக் ஓட்டப் போறேன்."

"கிராவலா? வீடு கட்டறப்ப லாரில வந்து கொட்டுனாங்களே, அதா?"

"அது கிராவல் மண்ணு. இது கிராவல் பைக்கு."

"இத எதுல ஓட்டுவாங்க?"

"மண்ணுல."

"அப்ப மண்ணுதானே."

"உனக்குப் புரியாது, விடு."

"புரியுது. புதுசா ஒண்ணு வாங்கியாந்து வாசல்ல நிறுத்தப் போறீங்க. அது மட்டும் நடக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

"புதுசு யாரு கேட்டா? மாடில ஜெஸ்வின் மச்சான் குடுத்த மவுண்டன் பைக்கு நிக்குதே, அந்த ஃப்ரேமையே கிராவல் பைக்கா மாத்தப் போறேன்."

லினெட்டின் கத்தி பாதி மீனில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மீனைப் பார்த்தாள்.

"செய்யுங்க" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

"ஆனா ஒண்ணு. பெயிண்ட் நான் சொல்ற கலருதான்."

"சரி. ரைடுக்கு ஆன்லைன்ல பேர் பதியணுமாம். அந்த ஃபாரத்தையும் நீயே போட்டுடு. எனக்கு அந்த ஓடிபி சமாச்சாரமெல்லாம் ஒத்து வராது."

"நானே போட்டுடறேன்" என்றாள், அவ்வளவு அன்பாக.

அந்த மவுண்டன் பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். லினெட்டின் அண்ணன் ஜெஸ்வின் பிரான்சில் இருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்தார். நான் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் பஞ்சர். மாடியில் ஏற்றினேன். முதலில் என் பனியன்கள் அதன்மேல் காய்ந்தன. பிறகு லினெட் பக்கத்துத் தொட்டியில் வைத்த புடலங்கொடி ஏறியது. பன்னிரண்டு வருஷமாக அது ஒரு மலையைக்கூடப் பார்க்கவில்லை. புதுச்சேரியில் மலைக்கு எங்கே போக? எனக்குத் தெரிந்து இங்கே உயரமானது எங்கள் ஆபீஸ் மாடிப்படிதான்.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலை கொடியை அறுத்துவிட்டு வேலையில் இறங்கினேன். அதற்குள் பத்து நாள் யூடியூப் பார்த்திருந்தேன். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் இரண்டு விரலால் கழற்றினான். எனக்கு இரண்டு கையும் இரண்டு காலும் போதவில்லை. பெடல் சுற்றுகிற அச்சு அசையவே மறுத்தது. தேங்காயெண்ணெய் விட்டேன். தட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்று குதித்தேன்.

ஸ்பானர் நழுவியது. நான் பின்பக்கமாகப் போய் வெயிலில் காய்ந்த மிளகாய் வத்தல்மேல் உட்கார்ந்தேன். எப்படி எழுந்தேன் என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

துணி காயப்போட வந்த லினெட் பக்கெட்டை இறக்கி வைத்தாள்.

"ரைட் சைடு மரை உல்டாங்க. அது கடிகாரம் சுத்தற பக்கமா திருப்புனாதான் கழலும். நீங்க இவ்ளோ நேரமா இறுக்கிக்கினு இருக்கீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நாளா நடுவூட்டுல சத்தமா வெச்சுப் பாத்தீங்களே. எனக்கும் காது இருக்குல்ல?"

அவள் சொன்ன பக்கம் திருப்பினேன். கழலவில்லை. நான்தான் குதித்துக் குதித்து இறுக்கி வைத்திருக்கிறேனே! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உலகத்தில் எல்லா மரையும் ஒரு பக்கம் திரும்பும்போது இது மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்?

ஆகவே ஃப்ரேமை ஆட்டோவில் போட்டுக்கொண்டு உழவர்கரையில் தெய்வசிகாமணி கடைக்குப் போனேன். தெய்வசிகாமணிக்கு என் வயசுதான் இருக்கும். பேச்சு குறைவு. ஃப்ரேமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஃப்ரேமைப் பார்த்தார்.

"உங்களுக்கா சார்?"

"ஏன், எனக்குத்தான்."

"கேட்டேன். ஃப்ரேமு கொஞ்சம் சின்னது."

"எனக்கு வயிறு கொஞ்சம் பெருசு. ரெண்டும் சேந்து சரியாப் போயிடும்."

அவர் சிரிக்கவில்லை. செய்ய வேண்டியதைச் சொன்னார். முன்னால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிற ஷாக்கைக் கழற்றிவிட்டு முன்சக்கரத்தைப் பிடிக்க நேரான ஃபோர்க் போட வேண்டும். பல்சக்கரம் மூன்றுக்கு ஒன்று போதும். மலையில் ஓட்டுகிற முள்டயருக்குப் பதிலாகக் கொஞ்சம் மெல்லிய டயர். அப்புறம் அந்தக் கிடாக்கொம்பு ஹாண்டில்பார்.

"பிரேக்குதான் பேஜாரு சார். இந்த ஹாண்டில்பாருக்கு வர்ற லிவர் கொஞ்சமாத்தான் கம்பிய இழுக்கும். இந்தப் பழைய பிரேக்கு நெறையா இழுக்கச் சொல்லிக் கேக்கும்."

"அப்ப?"

"நடுவுல ஒரு சின்ன சக்கரம் வெச்சி சமாதானம் பண்ணணும். எல்லா ஊட்லயும் நடக்குறதுதான்."

அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

மூன்று வாரத்தில் சைக்கிள் தயாரானது. பெயிண்ட் மட்டும் பாக்கி. எங்கள் தெருவில் வெள்ளோட்டம் விட்டேன். சீட்டை என் காலுக்குத் தகுந்தபடி ஏற்றியிருந்தார். அதில் உட்கார்ந்து பார்த்தால் ஹாண்டில்பார் எங்கேயோ தூரத்தில், பள்ளத்தில், அடுத்த வார்டில் இருப்பதுபோல இருந்தது. எட்டிப் பிடித்தேன். வயிறு ஃப்ரேமில் படிந்தது. தலையைத் தூக்கினால் கழுத்து வலித்தது. குனிந்தால் தார் ரோடு மட்டும் தெரிந்தது.

எதிர்வீட்டு புருஷோத்தமன் ரிடையரானவர். செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் தெருவையே நனைப்பவர். அவர் காலத்துப் பிரெஞ்சுப் பழக்கம், எல்லோரையும் முசியே என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா முசியே, எதனா கீழ வுட்டுட்டீங்களா? தேடிக்கினே போறீங்க?"

பதில் சொல்ல நிமிர வேண்டும். நிமிர முடியவில்லை.

அன்று இரண்டு மணிநேரம் குப்புறப் படுத்திருந்தேன். லினெட் முதுகில் தைலம் தேய்த்தாள். நர்ஸ் கை. சும்மா சொல்லக் கூடாது.

"ஹாண்டில்பாரு ரொம்ப தூரத்துல இருக்குதுங்க" என்றாள். "மவுண்டன் ஃப்ரேமு நீளமா இருக்கும். அதோட இந்த வளஞ்ச பாரு போட்டா இன்னும் தள்ளிப் போவும். ஹாண்டில்பாரப் புடிச்சுக்கினு இருக்குதே ஒரு துண்டு, அதச் சின்னதாப் போடச் சொல்லுங்க. கிட்ட வந்துடும்."

போடச் சொன்னேன். கிட்ட வந்தது. இப்போது முழங்கால் வலித்தது.

"சீட்டு ஒயரம்" என்றாள் லினெட். "ரெண்டு விரக்கடை எறக்குங்க."

இறக்கினோம். வலி கூடியது.

"இன்னும் ரெண்டு."

இறக்கினோம். முழங்கால் முழங்கையில் இடித்தது.

"ஒடம்பு பழகணும்ங்க. சீட்டும் ஒல்லியா இருக்குது. அகலமா ஒண்ணு போட்டா இடுப்பு எலும்புக்கு நல்லது."

அகலமாக ஒன்று போட்டார் தெய்வசிகாமணி. "இது லேடீஸ் சீட்டாட்டம் இருக்குதே?" என்றேன். "மெடிக்கல் சீட்டு சார்" என்றார். பிரேக் லிவர்களையும் கைக்குக் கிட்டே தள்ளி வைத்தார். என் கைக்கு அது கிள்ளுகிற மாதிரி இருந்தது. கேட்டால், "அவசரத்துக்கு டக்குனு புடிக்கலாம்" என்று லினெட் முந்திக்கொண்டாள். ஆமாம், அப்போதெல்லாம் அவளும் என்னோடு கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். என் உடம்பின்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

பெயிண்ட் அடித்து வந்தது. மயில்கழுத்து நீலம். நான் கேட்டிருந்தால் கறுப்பு கேட்டிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்? ஃப்ரேமின் கழுத்தில் வெள்ளையில் அழகாக ஒரு இங்கிலீஷ் எல்.

"இது எதுக்கு?"

தெய்வசிகாமணி லினெட்டைப் பார்த்தார். "லார்ஜ் சார். சைஸு."

"நீதானப்பா சின்ன ஃப்ரேமுன்ன?"

"பெயிண்ட் அடிச்சா கொஞ்சம் பெருசாயிடும் சார்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ரைடு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பதிலாக முந்தின நாள் சாயங்காலமே சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சீக்கிரம் படுத்தேன். ஞாயிறு விடிகிற நேரம் ஊசுட்டேரிக் கரையில் நாற்பது சைக்கிள். விஜயராகவன் உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டையில், ஓரமாக வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி நின்றிருந்தான். மேனகா அம்மாள் கையில் பட்டியலோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யூஜின்" என்றேன்.

"யூஜின்னு தனியா இல்லையே சார். லினெட் யூஜின்னுதான் இருக்குது."

"அது என் வொய்ஃபு. ஃபாரம் அவதான் போட்டா. எம் பேரு கேட்ட எடத்துல அவ பேரப் போட்டுட்டா. இந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு ஃபாரம் ஒழுங்காப் போட வராது."

மேனகா அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படியா சார்?" என்று நம்பர் அட்டையை என் சட்டையில் குத்தினார். ஊக்கு கொஞ்சம் தோலையும் பிடித்தது. வேண்டுமென்றே குத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கிளம்பினோம். தார் ரோட்டில் எப்படியோ ஓட்டிவிட்டேன். செம்மண் பாதையில் இறங்கியதும் ஒவ்வொரு கல்லும் டயர் வழியாக ஏறி முதுகெலும்பில் வந்து தன் பெயரைச் சொன்னது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வந்து வயிற்றில் இடித்தது. எனக்கு நானே உதை கொடுத்துக்கொண்டு ஒரு மைல் போனேன். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். அவளுடைய அப்பா தாண்டினார். அவருடைய அப்பாவும் தாண்டினார். கடைசியில் விஜயராகவன்.

"மெதுவா வாங்க யூஜின். ஏரி எங்கயும் போயிடாது."

ஒரு பனைமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்தேன். இடுப்பு நிமிரவில்லை. பாதி மடிந்த நாற்காலி மாதிரி நின்றுகொண்டே போனைப் போட்டேன்.

"லினெட், முடியல."

"எங்க நிக்கறீங்க?"

"ஏரிக்கரை தாண்டி, பனமரத்துகிட்ட."

"அப்படியே நில்லுங்க."

ரெட்டியார்பாளையத்திலிருந்து அங்கே வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். லினெட் நாலு நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். காலில் ஷூ. சுடிதார் பேன்ட் கணுக்காலில் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. தலையில் சைக்கிள் ஹெல்மெட்.

"அதுக்குள்ள எப்படி வந்த?"

"பக்கத்துலதான் டீ குடிச்சுக்கினு இருந்தேன். ரொம்ப வலிக்குதா? காட்டுங்க." இரண்டு விரலால் இடுப்பில் அழுத்தினாள். நான் கத்தினேன். "ஒண்ணும் இல்ல, சதப்புடிப்பு. நீங்க ஸ்கூட்டர எடுத்துக்கினு வூட்டுக்குப் போய் சுடுதண்ணில குளிங்க. சைக்கிள நான் கொண்டாறேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தப் பெண்டாட்டி இப்படிச் செய்வாள்? என் சட்டையிலிருந்து நம்பர் அட்டையை மெதுவாகக் கழற்றினாள். அதையும் பத்திரமாகக் கொண்டுவரத்தான் என்று நினைத்தேன். தன் தோளில் குத்திக்கொண்டாள்.

சைக்கிளில் ஏறினாள்.

சீட்டு அவள் உயரத்துக்கு இருந்தது. ஹாண்டில்பார் அவள் கைக்கு இருந்தது. லிவர் அவள் விரலுக்கு இருந்தது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அந்த சைக்கிள் அவளுக்குப் பொருந்தியது.

"லினெட், வீடு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன்.

அவள் இந்தப் பக்கம் போனாள். ஒரு மிதி, இரண்டு மிதி. செம்புழுதி கிளம்பியது. வளைவில் மேனகா அம்மாள் குரல் கேட்டது. "வாங்க சிஸ்டர்! இவ்ளோ நேரம் எங்க?"

நான் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தேன். புருஷோத்தமன் குழாயோடு நின்றிருந்தார்.

"இன்னா முசியே, சைக்கிள்ல போனீங்க, ஸ்கூட்டர்ல வர்றீங்க? வழில மாத்திக் குடுத்தாங்களா?"

அவரோடும் நான் இப்போது பேசுவதில்லை.

லினெட் பத்து மணிக்கு வந்தாள். முழங்கால்வரை செம்மண். முகத்தில் ஒரு களை. கல்யாண ஆல்பத்தில் பார்த்தது. அதற்கப்புறம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"ஏமாத்திட்ட" என்றேன்.

"எதுல?"

"என் சைக்கிள்ல."

"யாரு சைக்கிளு?" ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அண்ணன் அவ்ளோ தூரத்துலேந்து பொட்டில கட்டிக் கொண்டாந்தது யாருக்கு?"

"நமக்கு."

"எனக்கு. 'தங்கச்சி டூட்டிக்குப் போவ வெலோ, சைக்கிளு'ன்னு சொல்லித்தான் குடுத்தாரு. கடையில மூணு அளவு இருந்துச்சாம். என் ஒயரத்துக்குன்னு சின்னதாப் பாத்து வாங்கியாந்தாரு. அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. இல்லை என்றேன்.

"'நான் ஸ்கூட்டரோட இருக்கறப்ப எம் பொண்டாட்டி சைக்கிள்ல போவறதா, பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க'ன்னீங்க. பன்னெண்டு வருஷம் உங்க ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்தேன். ஒரு நாளு நேரத்துக்குப் போனதில்ல. நீங்க பேப்பர் முடிக்கணும். ரெண்டாவது காப்பி குடிக்கணும். ஹெல்மெட்டத் தேடணும். அங்க நைட் டூட்டி பாத்துட்டு கால் கடுக்க நிக்கற பொண்ணுகிட்ட நான் தெனம் தெனம் ஸாரி கேக்கணும்."

இது நியாயமில்லாத குற்றச்சாட்டு. இரண்டாவது காப்பி இல்லாமல் யாரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியும்?

"வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. போன வருஷம் ஈஸ்டருக்குக் கேட்டேன். 'அதுக்கு டயரே இல்ல, வுடு'ன்னீங்க. இந்தப் பொங்கலுக்குக் கேட்டேன். 'தெய்வசிகாமணி கடைக்குப் போவ எனக்கு நேரம் எங்க'ன்னீங்க. உங்களுக்குன்னு ஆனதும் ரெண்டு மாசத்துல பெயிண்டோட முடிஞ்சிடுச்சி."

"அந்த தெய்வசிகாமணி! அவனும் கூட்டா?"

"போன வருஷம் அவருக்கு செயின்ல வெரலு மாட்டிக்கிச்சி. தையல் போட்டப்ப கூட இருந்து கட்டு கட்டுனது நானு. மொத நாளே போன் பண்ணிட்டாரு. 'சிஸ்டர், இந்த ஃப்ரேமு சாருக்கு ஆவாது, உங்களுக்குத்தான் ஆவும்'னாரு. 'எனக்கே ஆவட்டும், சாருகிட்ட சொல்லாதீங்க'ன்னேன்."

"என் முட்டி? என் முதுகு? அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

அவள் எழுந்து தைலப் புட்டியை எடுத்து வந்தாள்.

"திரும்பிப் படுங்க" என்றாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க விஜயராகவன் சாரு எனக்குப் பின்னாடிதான் வந்தாரு. ரொம்பப் பின்னாடி."

நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் முகத்தை அவள் பார்ப்பது என் கோபத்துக்கு நல்லதில்லை.

திங்கட்கிழமை நான் பேப்பரைப் பிரிக்கும்போதே அவள் கிளம்பிப் போய்விட்டாள். வாசலில் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவசரப்படுத்த ஆளில்லாமல் பேப்பர் படித்தேன். ஒரு வரிகூட ஏறவில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது. கோபம் மட்டும் சூடாக இருந்தது. அப்போதுதான் மேஜைமேல் பார்த்தேன். அவளுடைய சாப்பாட்டு டப்பா. மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்!

என்னதான் சைக்கிள் வந்தாலும் புருஷன் தேவைப்படுகிறதா இல்லையா? டப்பாவை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினேன். நேராகக் கதிர்காமம். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனேன். கூட வேலை செய்கிறவர்கள் எதிரிலேயே கேட்டுவிடுவது. கட்டிய புருஷனை மடித்து ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு வருவதுதான் நர்ஸுக்கு அழகா என்று, நாலு பேர் காதில் விழும்படி.

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் நாலு பேர் இல்லை. ஏழெட்டு பேர் இருந்தார்கள். எல்லாம் நர்ஸுகள். நடுவில் மயில்கழுத்து நீலம். பக்கத்தில் யூனிஃபாரத்தில் லினெட். நான் தொண்டையைச் செருமினேன்.

"இதோ, அவரே வந்துட்டாரு" என்றாள் லினெட். "இதச் செஞ்சது இவருதான்."

எல்லோரும் திரும்பினார்கள். துர்கா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் கண்ணை அகல விரித்தாள்.

"நெஜமாவா அண்ணே? வெறும் ஃப்ரேமுலேந்தா?"

தெய்வசிகாமணி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் ஏழெட்டு பேர் என்னை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது? ஆபீஸில் என்னைப் பார்க்கிறவர்கள் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

"வெறும் ஃப்ரேமுதாம்மா" என்றேன். "பன்னெண்டு வருஷம் மழையில கெடந்தது. ரைட் சைடு மரை உல்டாவா இருக்கும். அது நெறைய பேருக்குத் தெரியாது."

"ஐயோ, ஆமாவா!"

பிரேக் கம்பியைப் பற்றிச் சொன்னேன். நடுவில் சமாதானம் பண்ணுகிற சின்னச் சக்கரத்தைச் சொன்னேன். சீட்டு உயரத்துக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தத்தை நடித்தே காட்டினேன். இடையில் லினெட் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"பொறுமையா சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டூட்டிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்கக் கொண்டுவந்த கேள்வி ஞாபகத்துக்கு வரவில்லை. நெஞ்சு கொஞ்சம் முன்னால் போயிருந்தது. கேட்டில் காவலுக்கு இருந்தவர் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த கேட்டுக்கு வருகிறேன், இதுதான் முதல் சல்யூட். நானும் திருப்பி வைத்தேன்.

"சார், எங்க வூட்லயும் ஒரு பழைய சைக்கிளு கெடக்குது" என்றார் அவர். "சனிக்கெழமைக்கு ஒண்ணா சும்மாவே செஞ்சு குடுப்பீங்கன்னு சிஸ்டர் எல்லாருக்கும் வரிசை போட்டுக் குடுத்துட்டாங்க. எனக்குப் பதினாலு."